ஒளி பாய்ச்சி ஒலி கேட்டல்



ஜூன் மாதத்தில் மும்பையின் முதல் மழை இறங்கும்போது, தாராவியின் தகரக் கூரைகளின் கீழ் வளர்ந்த நாம் சிறுவயதில் ஒரு விளையாட்டு விளையாடுவதுண்டு. மின்னல் வெட்டியவுடன் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்குவோம். இடி முழங்கியதும் எண்ணுவதை நிறுத்துவோம். மூன்று எண்ணி முடிக்க மூன்று நொடி ஆகியிருந்தால், மின்னல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் வெட்டியிருக்கிறது என்று பெரியவர்கள் சொல்லித் தருவார்கள். மின்னலைக் கண்டது கண்; அது எவ்வளவு தொலைவில் வெட்டியது என்று சொன்னது காது. இந்தச் சிறு விளையாட்டில் அடங்கியுள்ள உண்மையைக் கொண்டே இன்றைய விஞ்ஞானிகள் உயிருள்ள மூளையினுள் இரத்தம் ஓடுவதைப் படம் பிடிக்கிறார்கள். அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

ஆனால் கருவியைப் பற்றிப் பேசுமுன், ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை நினையாமல் இப்பொருளை நம்மால் பேச இயலாது. தாராவியில் நம் சந்திலேயே குடியிருந்தவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளவயதில் வந்து, தோல் வேலையில் நாற்பது ஆண்டு கழித்தவர். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. ஒருநாள் இரவு பத்து மணி இருக்கும். உணவருந்திக்கொண்டிருந்தவரின் வலக்கையிலிருந்து சோறு நழுவி விழுந்தது. வாய் ஒருபுறமாகக் கோணிற்று, பேச்சுக் குழறிற்று. வலி என்று ஒன்றும் இல்லை. மதினி விளக்கெண்ணெய் காய்ச்சித் தேய்த்தார். ஒருவர் சுக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார். "வாயுவாகத்தான் இருக்கும் தம்பி, விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்றார் மதினி. நாமும் அங்கே இருந்தோம். நாமும் விடியட்டும் என்றே சொன்னோம்.

விடிந்தது. காலை ஏழு மணிக்கு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அங்கிருந்த இளம் மருத்துவர் முதலில் கேட்டது அண்ணாச்சியின் பெயரை அன்று, வயதையும் அன்று. "எத்தனை மணிக்குத் தொடங்கிற்று?" என்று கேட்டார். இரவு பத்து மணி என்றோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் அன்று நமக்கு விளங்கவில்லை. பின்னர் விளங்கிற்று, விளங்கிய நாள் முதல் மறக்கவும் இல்லை.

மூளை நம் உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆயினும் உடல் செலவிடும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு செலவாளியான அவ்வுறுப்பு நாளைக்கென்று எதையும் சேமித்து வைப்பதில்லை. தசை சிறிது நேரம் பட்டினி பொறுக்கும், மூளை பொறுக்காது. இரத்தம் முற்றிலும் நின்றுவிட்டால் பத்து நொடிக்குள் நினைவு தப்புகிறது. ஒரு பெரிய குழாயில் கட்டி அடைத்துக்கொண்டால், சிகிச்சை செய்யாத ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006-ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்குக் கூறுகிறது. கட்டியைக் கரைக்கும் மருந்து இருக்கிறது. அதைத் தொடக்கத்திலிருந்து நாலரை மணி நேரத்திற்குள் செலுத்துவதே வழக்கம். தக்க நிலையிலுள்ள சிலருக்கு, குழாய் வழியாகக் கம்பி செலுத்திக் கட்டியை வெளியே எடுப்பதற்கு 24 மணிவரை இடமுண்டு. ஆனால் காலம் கடக்கக் கடக்கக் காக்கப்படுவது குறைகிறது. அண்ணாச்சிக்கு ஒன்பது மணி நேரம் கடந்திருந்தது.

இது ஒருவர் கதை அன்று. மும்பையின் ஒரு பகுதியில் 25 வயதுக்கு மேற்பட்ட ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களை 2005, 2006 ஆகிய இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த மருத்துவர்கள், ஆண்டுதோறும் ஓர் இலட்சம் பேரில் 145 பேருக்கு முதன்முறையாகப் பக்கவாதம் தாக்குவதைக் கண்டார்கள். அவர்களில் பத்தில் மூவர் ஒரு மாதத்திற்குள் இறந்தார்கள்.

மூளையில் அடைப்பு இருக்கிறதா, இரத்தக் கசிவு இருக்கிறதா என்பதை சி.டி. படம் காட்டுகிறது. காந்தப் படம் இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. இவ்விரண்டும் பேருதவி புரிகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் அடைப்பு நேர்ந்த அக்கணத்தில் மயிரிழையினும் மெல்லிய தந்துகிக் குழாய்களில் என்ன நிகழ்கிறது, செத்துப்போன நடுப்பகுதியைச் சுற்றி உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும் விளிம்புப் பகுதி எப்படிச் சுருங்குகிறது, எந்தக் குழாய் திறக்கிறது, எது மூடுகிறது என்பவற்றை அப்படங்கள் காட்டா. ஒரு தந்துகியின் அகலம் ஐந்து முதல் பத்து மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அல்லது அதினும் குறைவு. சிவப்பணுக்கள் அதனுள் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கியே செல்கின்றன. இந்தச் சந்துபொந்துகளை உயிருள்ள மூளையில் பார்க்க வேண்டுமென்பதே விஞ்ஞானிகளின் நெடுநாள் ஆசை.

நுண்ணியவற்றைக் காண நமக்கு உள்ள பழைய துணை ஒளி. ஆனால் உடலுக்குள் புகுந்த ஒளி வழி தவறிவிடுகிறது. இருட்டில் ஒரு டார்ச் விளக்கைக் கைவிரல்களின் மேல் பொத்திப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். விரல்கள் சிவப்பாக ஒளிரும். ஆனால் உள்ளே இருக்கும் எலும்பு தெரிவதில்லை. பாலில் புகுந்த ஒளிபோல, தசையில் புகுந்த ஒளியும் ஒரு மில்லிமீட்டர் அளவு செல்வதற்குள்ளேயே பலவாறு சிதறிப் போகிறது. ஆகவே ஒளி உள்ளே போகும். போன இடத்தின் செய்தியை ஒழுங்காகக் கொண்டு திரும்பாது. ஒலியோ அப்படியன்று. தசையினுள் ஒலி சிதறுவது ஒளி சிதறுவதைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு குறைவு. உள்ளே போவதற்கு ஒளியையும் திரும்பி வருவதற்கு ஒலியையும் அமைத்துக்கொண்டால் என்ன? இந்த எண்ணமே ஒளியொலி நுண்நோக்கியின் அடிப்படை.

ஒளி எவ்வாறு ஒலியாகும் என்று நேயர்கள் கேட்கலாம். வெயிலில் காயப் போட்ட தோல்களைத் தொட்டுப் பார்த்த அண்ணாச்சி போன்றவர்கள் இக்கேள்விக்குப் பாதி விடையை அறிவார்கள். கறுப்புச் சாயம் ஏறிய தோல் விரைவில் சூடேறும். வெளிர் தோல் அவ்வளவு சூடேறாது. ஒளியை எது விழுங்குகிறதோ அது சூடாகிறது, சூடானது விரிகிறது. விரிவது மெல்ல நிகழ்ந்தால் ஓசையில்லை. திடீரென்று நிகழ்ந்தால் அது சுற்றியுள்ளவற்றை இடிக்கிறது. அந்த இடிப்பே ஒலி. மின்னல் பாய்ந்த காற்று கணத்தில் சூடேறி விரிவதனால்தான் இடி முழங்குகிறது. 1880-ஆம் ஆண்டில், தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், விட்டுவிட்டு வரும்படி செய்த சூரிய ஒளியை மெல்லிய தகடுகளின் மேல் விழச் செய்து, அவை ஒலி எழுப்புவதைக் கேட்டார். உண்மை கண்டறியப்பட்டது, ஆனால் அதைப் பயன்படுத்தத் தக்க கூர்மையான ஒளி அன்று இல்லை. 1960-இல் லேசர் பிறந்த பிறகே அந்தப் பழைய உண்மைக்கு வாழ்வு வந்தது.

இனி, கருவி வேலை செய்யும் முறையைக் காண்போம். சில நானோநொடிகளே நீடிக்கும் ஒரு பச்சை லேசர்த் துடிப்பை மூளையின்மேல் பாய்ச்சுகிறார்கள். நானோநொடி என்பது ஒரு நொடியை நூறு கோடியாகப் பகுத்ததில் ஒரு பங்கு. பச்சை ஏன் என்றால், இரத்தத்தின் சிவப்புப் பொருளாகிய ஹீமோகுளோபின் பச்சை ஒளியை மிகுதியாக விழுங்குகிறது. டார்ச் வெளிச்சத்தில் விரல் சிவப்பாகத் தெரிந்ததற்கும் இதுவே காரணம். பச்சையும் நீலமும் இரத்தத்தில் சிக்கிக்கொண்டன, சிவப்பு மட்டும் தப்பி வந்தது. ஆகவே சாயம், மருந்து எதனையும் உடலில் ஏற்ற வேண்டுவதில்லை; இரத்தமே தனக்குச் சாயம். ஒளியை விழுங்கிய இரத்தத்தின் வெப்பம் மிகமிகச் சிறிதளவே உயர்கிறது. ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு உயர்ந்தாலும், அங்கே எழும் அழுத்தம் காற்று மண்டலத்தின் அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். நம் காதுக்கு எட்டாத அந்த நுண்ணிய இடியை ஒலியுணர் கருவி ஒன்று கேட்டுக்கொள்கிறது.

மாட்டுங்காவின் இரயில்வே பணிமனையைச் சார்ந்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல. வண்டிச் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, அதன் ஓசையைக் கொண்டு விரிசல் உண்டா இல்லையா என்று அறியும் பழைய வழக்கத்தை இரயில்வேத் தொழிலாளர் அறிவர். இங்கே சுத்தியல் ஒளி, சக்கரம் இரத்தம், கேட்கும் காது யந்திரம். ஆழத்தை அறிவதற்கு மழைக்காலச் சிறுவர்களின் கணக்கே போதும். தசையில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் செல்கிறது. ஒரு மில்லிமீட்டர் ஆழத்திலிருந்து எழுந்த ஒலி வந்து சேர, நொடியைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் அதில் ஒரு பங்குக்கும் குறைவான காலமே பிடிக்கும். அந்தக் காலத்தை அளந்தால் ஆழம் தெரிகிறது. ஒரு புள்ளியில் இவ்வாறு தட்டிக் கேட்டபின் அடுத்த புள்ளி, அதன்பின் அடுத்தது. இப்படிப் புள்ளி புள்ளியாக முழு உருவம் அமைகிறது.

இரத்தம் ஓடுகிறது என்றறிந்தால் மட்டும் போதாது. அது பிராணவாயுவைச் சுமந்து செல்கிறதா, வெறுங்கையோடு திரும்புகிறதா என்பதும் தெரிய வேண்டும். பிராணவாயு ஏறிய இரத்தத்தின் நிறம் வேறு. இறக்கிவிட்ட இரத்தத்தின் நிறம் வேறு. ஆகையால் இரண்டு நிற ஒளிகளைக் கொண்டு தட்டிப் பார்த்தால், இரண்டு ஓசைகளின் வேறுபாட்டிலிருந்து அந்தக் கணக்குக் கிடைக்கும். விரைவாக அடுத்தடுத்துத் துடிக்கும் இரண்டு நிறங்களுக்கு எங்கே போவது? இங்கேதான் தமிழர் நெஞ்சு நிமிரத் தக்க ஒரு செய்தி வருகிறது. 532 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை ஒரு கண்ணாடி இழையினூடே செலுத்தினால், அதில் ஒரு பகுதி நிறம் மாறி 558 நானோமீட்டர் ஒளியாக வெளிவருகிறது. இந்த நிறமாற்றத்திற்கு அடிப்படை இராமன் விளைவு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் கல்கத்தாவில் கண்ட அதே உண்மை. லேசர் வந்த பின்னர், 1962-இல், அவ்விளைவு பன்மடங்கு வலிமையோடு தூண்டப்படக் கூடும் என்று தெரிந்தது. மிருதங்கத்தின் ஒலியையும் ஆராய்ந்து, ஒலியலைகளின்மேல் ஒளி சிதறுவதையும் ஆராய்ந்த இராமனின் பெயர், ஒளியை ஒலியாக்கும் கருவியொன்றினுள் மறைந்திருப்பது பொருத்தமே.

இனி வேகத்தைப் பற்றி. இம்முறையால் எலியின் மூளையை, அதன் தோலையும் மண்டையோட்டையும் திறவாமலே, லிஹாங் வாங் என்பவரின் குழுவினர் 2003-ஆம் ஆண்டிலேயே படம் பிடித்துக் காட்டினர். அதன்பின் நுண்நோக்கிகள் பிறந்தன. ஆனால் முதற்காலக் கருவிகளில் புள்ளிக்குப் புள்ளி கருவியையே நகர்த்த வேண்டியிருந்ததால், ஓர் உருவம் முடியப் பல நிமிடங்கள் ஆயின. சயான் நிலையத்தை அரைமணி நேரம் திறந்து வைத்த காமிராவால் படம் பிடித்தால் தண்டவாளம் தெரியும், நடைமேடை தெரியும், ஓடிய வண்டி ஒன்றேனும் தெரியுமா? மூளையின் நிலையும் அதுவே. குழாய்கள் தெரிந்தன; குழாய்களுள் நிகழ்ந்த மாற்றம் தெரியவில்லை.

2015-இல் வாங் குழுவினர், நீருக்குள் அசையும் ஒரு சிறு கண்ணாடியைக் கொண்டு ஒளியையும் ஒலியையும் ஒருங்கே திருப்பி, சுண்டெலியின் மூளையில் 3 மில்லிமீட்டருக்கு 2 மில்லிமீட்டர் பரப்பை நொடிக்கு ஒரு முறை படம் பிடித்தனர். அக்குழுவில் இருந்து, பின்னர் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடம் அமைத்த ஜுன்ஜியே யாவ் என்பவரின் குழுவினர் 2022-இல் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். அவர்கள் பன்னிரண்டு முகங்கள் கொண்ட கண்ணாடிச் சக்கரம் ஒன்றைச் சுழலவிட்டனர். ஒவ்வொரு முகமும் மூளையின் குறுக்கே ஒரு கோட்டைத் துடைத்துச் செல்கிறது. ஒரு முகம் விலகியதும் அடுத்த முகம் வந்து நிற்கிறது. திருப்பி இழுக்க வேண்டிய காலம் மிச்சமாகிறது. இவ்வாறு 11 மில்லிமீட்டருக்கு 7.5 மில்லிமீட்டர் பரப்பை, அதாவது சுண்டெலி மூளையின் மேற்புறம் முழுவதையும், நொடிக்கு இருமுறை, ஏறக்குறைய 10 மைக்ரான் நுட்பத்தோடு காண முடிந்தது. மேலே சொன்ன இராமன் இழை இக்கருவியில்தான் இருக்கிறது.

அவர்கள் கண்டது என்ன? பிராணவாயு குறைந்த காற்றைச் சுவாசித்தபோதும், இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் மருந்து ஏறியபோதும் மூளைக் குழாய்கள் எவ்வாறு விரிந்து சுருங்கின என்பதைக் கண்டார்கள். குழாய் அடைபட்டபோது, அடைப்பின் விளைவு அந்த ஓரிடத்தோடு நின்றுவிடாமல், குளத்தில் கல்லெறிந்தால் பரவும் அலைபோல மூளையின்மேல் பரவிச் செல்வதைக் கண்டார்கள். மூளையில் இத்தகைய அலை பரவுவதை 1944-இலேயே பிரேசில் நாட்டு விஞ்ஞானி லியாவோ எழுதினார். அதை நரம்பின் மின்சாரத்தால் அறிந்தார். இப்போதோ அது குழாய்குழாயாகக் கண்ணுக்குத் தெரிகிறது. சயானில் ஒரு வண்டி நின்றுவிட்டால் குர்லாவுக்கு அப்பாலும் வண்டிகள் நின்றுபோவதை நாம் அறிவோம் அல்லவா? அதுபோலவே இதுவும். அலை எப்போது எழுகிறது, எங்கே செல்கிறது, அதை எந்த மருந்து அடக்கும் என்பதை இனி நேரில் சோதித்துப் பார்க்கலாம். விளிம்பில் போராடும் அணுக்களைக் காக்கும் வழி அதனால் பிறக்கலாம்.

இதைக் கேட்டு, நாளையே நம் மருத்துவமனையில் இக்கருவியை வைத்துவிடுவார்கள் என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. இல்லாத நம்பிக்கையை ஊட்டுவது நம் நோக்கமன்று. சுண்டெலியின் மண்டையோடு ஒரு மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கே கனமுள்ளது. மனிதனுடையது சராசரி ஆறேழு மில்லிமீட்டர். அவ்வளவு கனத்த எலும்பு ஒளியையும் சிதறடிக்கிறது, ஒலியையும் குலைக்கிறது. 2021-இல் வாங் குழுவினர், சிகிச்சைக்காக மண்டையோட்டின் ஒரு பகுதி ஏற்கெனவே அகற்றப்பட்டிருந்த நோயாளிகளின் மூளையை இதே இனத்தைச் சேர்ந்த, ஆனால் நுண்நோக்கியல்லாத, பெரிய கருவி ஒன்றால் படம் பிடித்தனர். அது காந்தப் படத்தோடு ஒத்திருந்தது. எலும்பு மூடிய தலைக்குள் தந்துகிகளைக் காண்பது இன்னும் தொலைவில் உள்ள இலக்கே. இன்றைக்கு இக்கருவி ஆய்வுக்கூடத்தின் ஆசான். நோயாளியின் படுக்கையருகே வரும் மருத்துவன் அன்று.

அப்படியானால் தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருந்து இதைக் கேட்பவர்களுக்கு இதனால் என்ன பயன்? பயன் உண்டு. நொடிக்கு இருமுறை படம் பிடிக்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது? மூளையில் நன்மையும் தீமையும் நொடிக்கணக்கில் நிகழ்வதனால்தான். அந்த வேகத்தைப் பிடிக்க விஞ்ஞானிகள் நாற்புறமும் அலைந்து, கண்ணாடிச் சக்கரத்தையும் கண்ணாடி இழையையும் தேடிக் கூட்டினார்கள். நாமோ ஓர் இரவு முழுவதையும் விளக்கெண்ணெய்க்கும் சுக்குக் காப்பிக்கும் கொடுத்துவிட்டோம்.

ஆகவே, நினைவில் நிறுத்த வேண்டியவை சிலவே. முகம் ஒருபுறம் கோணினால், இரு கைகளையும் உயர்த்தச் சொன்னால் ஒன்று தானே தாழ்ந்தால், பேச்சுக் குழறினால், இவற்றுள் ஒன்று தோன்றினாலும், வலியில்லை என்று வாளாவிருக்கக் கூடாது. மூளையின் அடைப்புப் பெரும்பாலும் வலிப்பதில்லை. அதுவே அதன் வஞ்சகம். உடனே கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 108 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். அல்லது கிடைத்த வண்டியில், சி.டி. படம் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு நேரே செல்ல வேண்டும். வாயில் எதுவும் ஊட்டக் கூடாது. விழுங்கும் ஆற்றல் போயிருக்கக் கூடும். அடைப்பா, கசிவா என்று தெரியாமல் தாமாக மாத்திரை கொடுப்பதும் ஆகாது.

அண்ணாச்சி பிழைத்தார். தோலை அளந்து வெட்டிய அந்த வலக்கை மட்டும் திரும்பவில்லை. சொற்களும் சிலவே திரும்பின. இந்த ஆண்டு முதல் மழையின்போது அவர் வாசற்படியில் அமர்ந்திருந்தார். மின்னல் வெட்டிற்று. பக்கத்திலிருந்த பேரன் எண்ணத் தொடங்கினான். அண்ணாச்சியும் இடக்கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். மூன்றாவது விரலில் இடி முழங்கிற்று. அவர் நம்மைப் பார்த்துச் சிரித்தார், நாமும் சிரித்தோம். ஆனால் அந்த இரவில் விடியட்டும் என்று சொன்ன நாம், அன்று எண்ணாமல் விட்ட மணிகளையே எண்ணிக்கொண்டிருந்தோம்.